நீலப் புகையின் கதை

புகை தோன்றும் இடத்தில் நெருப்பு உண்டு என்பது அளவை நூலார் நெடுங்காலமாக எடுத்துக் காட்டும் சான்று. மலைமேல் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருத்தல் வேண்டும். மணிமேகலையின் பிற்பகுதியில் வரும் அளவைப் பேச்சிலும் இதே புகை எழுகின்றது. ஆனால் சென்ற மார்கழியில் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் எழுந்த புகைக்கு இந்தத் தருக்கம் போதவில்லை. நெருப்பு உண்டு என்பது தெரிந்த செய்தியே. எரிவது எது, அது எந்த வழியாக நெருப்பிடம் போய்ச் சேர்ந்தது என்பவையே தெரிய வேண்டியிருந்தன. விடை ஒரு பக்கம் சாய்ந்தால் ஏழாயிரம் ரூபாய். மறுபக்கம் சாய்ந்தால் சில நூறு ரூபாய். ஊரிலிருந்து வரும் பணத்தில் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டு மீதியை எண்ணிப் பார்க்கும் முதுகலை மாணவனுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரிது.

வண்டி என் தந்தையாருடையது. 125 சி.சி., நிமிர்ந்து நிற்கும் ஒற்றைச் சிலிண்டர், கார்புரேட்டர் வைத்தது. 2011இல் திருச்செங்கோட்டில் வாங்கினார். பதினான்கு ஆண்டுகள் தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டினார். நான் ஐதராபாத்துக்குப் படிக்க வந்தபோது, "பஸ்ஸுக்கு நின்னே பொழுது போயிரும் கண்ணு, எடுத்துக்க" என்று சாவியைக் கையில் வைத்தார். தனியார் வண்டிகளுக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புகை விடும் வண்டியை யார் ஏற்பார்கள்? இதுதான் என் கவலை.

அறிகுறியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐதராபாத்தில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியை உதைத்துக் கிளப்பினால் குபீரென்று ஒரு நீலப்புகை எழும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு நல்ல பிள்ளை போல ஓடும். மெஹதிப்பட்டணம் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு இரண்டு மூன்று நிமிடம் நின்று, பச்சை விழுந்ததும் முறுக்கினால் மறுபடியும் ஒரு புகை. பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் உருதுவில் இரண்டு சொல் வழங்குவார். ஜூபிலி ஹில்ஸ் இறக்கத்தில் முறுக்கியை முழுதும் விட்டு இறங்கிவிட்டு, கீழே வந்து திறந்தாலும் அப்படியே. நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஒன்றுமில்லை. நிறுத்தும் இடத்தில் தரையில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. ஆனால் அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்திருக்கும். கணக்கு வைத்தேன்: 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி லிட்டர்.

தரையில் ஒழுகினால் கண்டுபிடிப்பது எளிது. வெளிமூடியின் கேஸ்கட்டையோ, வடிகால் திருகையோ பார்த்தால் போதும். இது உள்ளொழுக்கு. எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே வழிதவறி எரிகூடத்தில் விழுந்து எரிந்துகொண்டிருந்தது.

புகை ஏன் நீலமாக இருக்கிறது என்று அறிவியல் மாணவர்கள் கேட்பது இயல்பே. எரிகூடத்தில் விழுந்த எண்ணெய் முழுதும் எரிவதில்லை. ஒரு பகுதி ஆவியாகிப் புகைபோக்கியில் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. அத்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அத்தகைய துகள்கள் குறுகிய அலைகளையே மிகுதியாகச் சிதறடிக்கும் என்பது ராலே கண்ட விதி. சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், நீல ஒளி சிவப்பைப் போல நான்கு மடங்குக்கு மேல் சிதறுகின்றது. வானம் நீலமாக இருப்பதற்கும் இதே காரணம். திருச்சியில் பிறந்த இராமன் 1921இல் மத்தியதரைக் கடலைக் கப்பலில் கடக்கும்போது நீரின் நீலத்தைப் பற்றிக் கேட்ட கேள்வியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி, அது கரித்தூள். வெண்புகை என்றால் நீராவி. துளிகள் பெரியவையாதலால் எல்லா நிறத்தையும் ஒருசேரச் சிதறடிக்கின்றன. குளிர்காலையில் எல்லா வண்டியிலும் சிறிது வெண்மை வரும், அஞ்ச வேண்டியதில்லை. நீரால் குளிரும் கார் எஞ்சினில் அது நிற்காமல் வந்தால் மட்டும் தலைக் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே நீலம் என்றால் எண்ணெய். இதுவரை எல்லோரும் ஒப்புவர். சண்டை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் பார்த்த பழுது பார்ப்பவர் வண்டியைத் தொடவே இல்லை. ஒருமுறை கிளப்பச் சொன்னார், புகையைப் பார்த்தார், "இஞ்சன் பைட் கயா, பாய்" என்றார். எஞ்சின் உட்கார்ந்துவிட்டதாம். சிலிண்டரைப் போர் செய்து, பெரிய பிஸ்டன், புது ரிங் போட வேண்டும், ஏழாயிரம். என் தாய்மாமா திருச்செங்கோட்டுப் போர் வண்டி ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறார். எங்கள் ஊர் ஆழ்துளை வண்டிகள் இந்தியா முழுவதும் போய்க் கிணறு தோண்டுவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வமயம் அவர் பட்டன்செரு பக்கம் முகாமிட்டிருந்தார். தொலைபேசியில் கேட்டேன். "ரிங் போயிருச்சு கண்ணு, வேறென்ன? போர் பண்ணித்தான் ஆகோணும்" என்று அவரும் தீர்ப்பளித்தார். அவர் தொழிலிலும் போர், எஞ்சினிலும் போர், எனக்கும் மனத்துக்கும் இடையிலும் போர்.

முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு செய்தி உறுத்தியது. ரிங் தேய்ந்திருந்தால் நேர்ச்சாலையில், மேட்டில், இழுவையின்போது அல்லவா புகை மிகுதியாக வர வேண்டும்? இது நின்று கிளம்பும்போது மட்டும் வருகிறதே. இதைத் தெளிவாக்க எஞ்சினுக்குள் சற்று நுழைந்தாக வேண்டும்.

நான்கு வீச்சு எஞ்சினின் தலையில் இரண்டு வாயில்கள். ஒன்றின் வழியே காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. மற்றொன்றின் வழியே எரிந்த வாயு வெளியே போகிறது. இவற்றைத் திறந்து மூடுவன வால்வுகள். பழைய கலைச்சொல் பட்டியல்களில் இதற்கு 'ஓரதர்' என்ற அழகான சொல் இருக்கிறது. பட்டறையில் போய்ச் சொன்னால் யாருக்கும் விளங்காது. காளான் வடிவம், தலை எரிகூடத்தில், காம்பு மேலே. காம்பு ஒரு குழாய்க்குள் ஏறி இறங்கும். அக்குழாய் 'கைடு'. காம்புக்கும் கைடுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி உண்டு. அது இல்லாவிட்டால் சூட்டில் காம்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மேலே கேம் தண்டும் ராக்கரும் ஓயாமல் எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கின்றன. கீழே எரிகூடம். நடுவே இந்த இடைவெளி. எண்ணெய் அதன் வழியே இறங்காமல் தடுப்பது எது? கைடின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சிறு ரப்பர் வளையம். அதன் இதழைக் காம்போடு அணைத்து வைக்க மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும் சுற்றியிருக்கும். அதுவே வால்வு சீல். சுண்டு விரல் நுனியில் நிற்கும், விலை சொற்பம்.

இந்தச் சீல் எண்ணெயை அறவே தடுக்கக் கூடாது என்பது பலர் அறியாத உண்மை. அறவே தடுத்தால் காம்பு வறண்டு கைடைத் தின்றுவிடும். மிக மெல்லிய ஒரு படலம் மட்டும் கீழே போக வேண்டும். வாயிற்காவலன் யாரையும் விடமாட்டேன் என்றாலும் கேடு. எல்லாரையும் விட்டாலும் கேடு. வேண்டிய அளவுக்கு விட வேண்டும்.

இதன் உழைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழன்றால் ஒவ்வொரு வால்வும் 2,000 முறை திறக்கிறது. மணிக்கு 1,20,000 முறை. சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 50,000 கிலோமீட்டர் ஓட 1,250 மணி நேரம் ஆகும். ஆக 15 கோடி முறை அந்தக் காம்பு ரப்பர் இதழை உரசி ஏறி இறங்கியிருக்கிறது. என் வண்டி அதைவிட மிகுதியாகவே ஓடியிருந்தது. நான் இழந்துகொண்டிருந்த எண்ணெயையும் இதே கணக்கில் பார்த்தேன். 1,000 கிலோமீட்டருக்கு 25 மணி நேரம், 30 லட்சம் திறப்பு, 200 மில்லி. ஒரு சொட்டு எண்ணெய் 750 திறப்புகளுக்குப் பகிர்ந்து போகிறது! இவ்வளவு நுண்ணிய கசிவுதான் ஆட்டோக்காரரின் வாயில் வசையாக வந்து முடிகிறது.

உரசல் ஒரு பகை. சூடு அதனினும் பெரிய பகை. இங்கேதான் என் பாடமாகிய வேதியியல் வருகிறது. எளிய சீல்கள் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. பியூட்டாடையீனும் அக்ரிலோநைட்ரைலும் கூடிய இந்தச் சங்கிலி 1930களில் செர்மனியில் பிறந்தது. நைட்ரைல் பகுதி மின்முனைவு உடையது. ஆதலால் எண்ணெயில் ஊறிப் பருக்காது. இயற்கை ரப்பரை எண்ணெயில் போட்டால் ஊறிப்போன அப்பளம் போலாகிவிடும். ஆனால் பியூட்டாடையீன் பகுதியில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கின்றன. நூறு டிகிரிக்கு மேல் ஆண்டுக்கணக்கில் வெந்தால் ஆக்சிசன் அவற்றைத் தாக்குகிறது. சங்கிலிகளுக்கிடையே புதிய குறுக்குப் பிணைப்புகள் உண்டாகின்றன. 1839இல் குட்இயர் கந்தகத்தால் ரப்பரைப் பிணைத்து உறுதியாக்கினார் அல்லவா? அந்த வேலையை எஞ்சின் தானாகவே, நிறுத்தத் தெரியாமல், தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது. முடிவில் ரப்பர் பிளாஸ்டிக் போல் விறைத்துவிடுகிறது. சங்கிலியின் முதுகில் இரட்டைப் பிணைப்பு இல்லாத பாலிஅக்ரிலேட் 150 டிகிரி வரை தாங்கும். 1957இல் டியூபாண்ட் நிறுவனம் விட்டான் என்ற பெயரில் வெளியிட்ட புளூரின் ரப்பர் 200 டிகிரியையும் தாங்கும். கரிக்கும் புளூரினுக்கும் உள்ள பிணைப்பு அத்துணை வலிது. கடையில் சீல் வாங்கும்போது எந்த ரப்பர் என்று கேட்டு வாங்குதல் நலம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, பழுப்பு, கறுப்பு எல்லாம் சாயம்தான்.

விறைத்த ரப்பர் குளிரில் மேலும் விறைக்கும். என் வண்டி காலையில் புகைந்து சூடேறியதும் அடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். சூட்டில் இதழ் சிறிது இளகிக் காம்பைப் பற்றிக்கொள்கிறது. குளிரில் ரப்பர் வளையம் விறைத்தால் எவ்வளவு கேடு வரும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று 1986 சனவரி 28இல் நிகழ்ந்தது. சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73ஆம் விநாடியில் சிதறி எழுவர் மாண்டனர். உறைகுளிரில் ராக்கெட்டின் வளையச் சீல் தன் நெகிழ்ச்சியை இழந்திருந்தது. விசாரணைக் குழுவில் இருந்த பெயின்மன் அவ்வளையத் துண்டைக் குறடில் கவ்விப் பனிநீர்க் கோப்பையில் இட்டு, எடுத்த பின் அது உடனே பழைய வடிவுக்கு மீளாததை எல்லோர் கண்முன்னும் காட்டினார். ஒரு கோப்பை நீரில் முடிந்த சோதனை! அறிவியல் மாணவன் நெஞ்சில் வைக்க வேண்டிய காட்சி.

இனி, நின்று கிளம்பும்போது மட்டும் ஏன் புகை என்பதைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினில் முறுக்கியை மூடினால் காற்று வரும் வழி அடைபடுகிறது. பிஸ்டன் இழுக்கிறது, காற்று வர இடமில்லை, உள்வாயிலில் வலிய வெற்றிழுவை உண்டாகிறது. நாம் உறிஞ்சுகுழலின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சுவது போல. அந்த இழுவை தேய்ந்த சீலைத் தாண்டி, கைடின் இடைவெளி வழியே எண்ணெயை இழுத்து வால்வின் முதுகில் தேக்கிவைக்கிறது. பச்சை விளக்கு விழுந்து முறுக்கியதும் பெருங்காற்று வந்து தேங்கியதை அடித்துக்கொண்டு எரிகூடத்துக்குள் போகிறது. குபீர்! இரவில் நடப்பது வேறு. அங்கே புவியீர்ப்பே போதும். நிமிர்ந்த சிலிண்டரின் தலையில் எஞ்சிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி விடியலுக்குக் காத்திருக்கிறது.

இதில்தான் என் மாமாவின் தவறு விளங்கிற்று. அதைத் தவறு என்பதும் பொருந்தாது. அவர் வாழ்நாளெல்லாம் கையாண்டவை டீசல் எஞ்சின்கள். அவற்றில் காற்று வழியை அடைக்கும் மூடி பொதுவாக இல்லை. ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது செலுத்தப்படும் டீசலின் அளவே. ஆதலால் உள்வாயிலில் பெரிய வெற்றிழுவை ஏற்படுவதில்லை. பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் வால்வு சீல் பெயரளவுக்கே இருக்கும்; சிலவற்றில் இல்லவே இல்லை. அங்கே நீலப்புகை வந்தால் ரிங், அல்லது டர்போவின் சீல். அவருடைய உலகில் அவர் சொன்னது சரி. என் வண்டி அவருடைய உலகத்தது அன்று.

இவ்வளவு படித்தபின் எனக்குத் தைரியம் வந்தது. ஆயினும் படிப்பு சான்றாகாது. மெஹதிப்பட்டணத்துக்கு அருகே ஒரு சந்தில் வயது முதிர்ந்த ஒரு உஸ்தாத் இருப்பதாக விடுதி நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். என் தத்துவத்தை உடைந்த இந்தியில் ஒப்பித்தேன். முழுதும் கேட்டார். "சோதித்துவிட்டுப் பேசலாம் பேட்டா" என்றார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நுனி எண்ணெய்ப் பசையோடு கரிந்திருந்தது. எண்ணெய் எரிகூடத்துக்குள் வருகிறது என்பதற்கு இது சான்று. வெளிவால்வின் சீல் மட்டும் போயிருந்தால் எண்ணெய் நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். பிளக் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். ஆகவே உள்வால்வு, அல்லது ரிங். அடுத்து பிளக் துளையில் அழுத்தமானியைத் திருகி, முறுக்கியை முழுதும் திறந்து உதைக்கச் சொன்னார். முறுக்கியைத் திறக்க மறந்தால் காற்றே போகாது, அளவு பொய்யாகிவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 11.5 கிலோ காட்டிற்று. பின் அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி உதைத்தோம்: 12. ரிங் தேய்ந்திருந்தால் இந்த எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தத்தை வெகுவாக உயர்த்தியிருக்கும். இங்கே அரைக் கிலோதான் ஏறிற்று. எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கழற்றிக் கையை வைத்துப் பார்த்தார். சூடான வாயு பீறிட்டு வரவில்லை. அதுவும் ரிங்குக்குச் சாதகமான சாட்சியே.

நான் வெற்றி என்று எண்ணினேன். உஸ்தாத் தலையசைத்தார். பிஸ்டனில் மூன்று ரிங் உண்டு; மேலிரண்டும் அழுத்தத்தைக் காப்பவை, கீழது எண்ணெயை வழிப்பது. அழுத்தமானி மேலிரண்டைப் பற்றித்தான் பேசும். எண்ணெய் ரிங் கரி பிடித்துச் சிக்கிக்கொண்டால் அழுத்தம் சரியாகவே இருக்கும்; எண்ணெயும் எரியும். இதை நான் படித்த எதிலும் காணவில்லை. தலையைத் திறந்து பார்த்தாலொழிய முடிவு சொல்ல மாட்டேன் என்றார் அவர். கூலி, தலைக் கேஸ்கட் இரண்டுக்கும் ஒப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரித்தோம். பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, கேம் சக்கரத்தின் குறியைத் தலையின் குறியோடு சேர்த்து, இறுக்கியைத் தளர்த்தி, சங்கிலியை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். கட்டாமல் விட்டால் சங்கிலி கீழே விழுந்துவிடும். அரைநாள் வேலை கூடும். தலை கழன்று வந்ததும் அதைக் கவிழ்த்து உள்வாயிலுக்குள் விளக்கை அடித்துக் காட்டினார். வால்வின் முதுகில் தார் போன்ற கருங்கட்டி, விரல் கனத்துக்கு! பிறகு பிஸ்டனின் தலையைக் காட்டினார். விளிம்பு வரை சீராக உலர்ந்த கரி. எண்ணெய் ரிங் வழியே ஏறியிருந்தால் விளிம்பைச் சுற்றிக் கழுவிவிட்டது போல் ஈரமாகத் துலங்கியிருக்கும். எண்ணெய் மேலிருந்து வந்திருக்கிறது, கீழிருந்து அன்று. அந்தக் கருங்கட்டியைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியை ஆய்வுக்கூடத்தில் எந்தப் படிவத்தைக் கண்டும் அடைந்ததில்லை.

வால்வைச் சுருளிலிருந்து விடுவிக்கும் வேலை எச்சரிக்கையானது. சுருளை அழுத்தி, காம்பின் கழுத்தைப் பிடித்திருக்கும் இரு பிறைத்துண்டு லாக்குகளைக் காந்தத்தால் எடுக்க வேண்டும். கை நழுவினால் லாக் பறந்து கண்ணில் படும். குறைந்தது சாக்கடையில் போய் விழும். பழைய சீலைக் குறடால் பிடுங்கி என் கையில் கொடுத்தார். நகத்தால் அழுத்தினேன்; பள்ளம் விழவில்லை. விளிம்பில் இரண்டு வெடிப்பு.

சீலைப் புதிதாக்குமுன் கைடைச் சோதிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி வந்து நிற்பார்களாம். வால்வை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். மிகச் சிறிதே ஆடிற்று. கைடு தேய்ந்து காம்பு தள்ளாடினால் எவ்வளவு நல்ல சீலும் அந்த ஆட்டத்தைப் பின்தொடர முடியாமல் தோற்கும். அப்போது கைடையும் மாற்றியாக வேண்டும்; செலவு கூடும். நல்ல காலம், என் வண்டிக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் ஒரு பஸ் பிடித்துப் புத்லிபௌலிக்குப் போய் இரண்டு சீல்களும் கேஸ்கட்டும் வாங்கி வந்தேன். ஒன்று போனால் மற்றதும் அதே வயதினது. சேர்த்தே மாற்றுவது முறை. அதற்குள் உஸ்தாத் வால்வுகளைச் சுரண்டிக் கழுவி, இருக்கையில் அரைபசை வைத்துத் தேய்த்திருந்தார். புதுச் சீலை எண்ணெயில் தோய்த்து, காம்பின் நுனிக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, அதன்மேல் வழுக்கி இறக்கினார். லாக் உட்காரும் பள்ளத்தின் கூரிய ஓரம் புது இதழைக் கிழித்துவிடும். உறை இல்லாமல் போட்டால் புதுச் சீல் முதல் நாளே பழஞ்சீலாகிவிடும். பின் இரு வாயில்களிலும் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தார். எரிகூடப் பக்கம் கசிவில்லை. தலையை ஏற்றி, போல்ட்டுகளைக் குறுக்கு முறையில் சிறிது சிறிதாக இறுக்கி, டேப்பட் இடைவெளியை இலைமானியால் சரிசெய்தோம். பல சிறு வண்டிகளில் இது 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் அமையும். தத்தம் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்க.

கார் வைத்திருப்போருக்கு ஒரு சொல். தலையைக் கழற்றாமலே சீல் மாற்றும் வழி உண்டு. பிளக் துளை வழியே பருத்திக் கயிற்றை நுழைத்துப் பிஸ்டனை மேலே ஏற்றினால் கயிறு வால்வை முட்டுக் கொடுத்துத் தாங்கும். சுருளைக் கழற்றினாலும் வால்வு உள்ளே விழாது. காற்றழுத்தத்தாலும் இதைச் செய்வர். 1983இல் வந்த முதல் மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர், ஆறு வால்வு எஞ்சினில் ஆறு சீல். பொறுமையிருந்தால் ஒரு நாள் வேலை. ஆனால் கைடையும் வால்வின் முதுகையும் பார்க்கும் வாய்ப்பு இதில் இல்லை. எனக்கென்னவோ ஒற்றைச் சிலிண்டரில் தலையைத் திறப்பதே மேல் என்று படுகிறது.

"கசிவு நிறுத்தி" என்று புட்டியில் விற்கும் மருந்தைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். அதில் உள்ளவை ரப்பரைச் சற்று ஊதி இளக்கும் பொருள்கள். வெடிக்காத சீலில் சில காலம் பயன் தெரியலாம். வெடித்த இதழை எந்த மருந்தும் ஒட்டாது. தடித்த எண்ணெய் ஊற்றுவதும் இத்தகையதே. புகை குறையும், ஆனால் குளிர்காலையில் அந்த எண்ணெய் கேமுக்கு ஏறத் தாமதமாகும். விற்கப்போகிறவர்கள் செய்யும் வேலை அது.

புகையை இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். பிளக் அடைபடும், வால்வின் முதுகில் கட்டி வளர்ந்து காற்றை மறிக்கும். புது வண்டிகளில் இன்னொரு நட்டமும் உண்டு. எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் கலந்திருக்கிறது. எரிந்தபின் அந்தப் பாஸ்பரசு புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியின் மேல் படிந்து அதைச் செயலறச் செய்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 வண்டிகளில் அதன் விலை என் முழு எஞ்சின் வேலையையும் மிஞ்சும். மாசுச் சான்றிதழ்க் கூடத்தில் பெட்ரோல் வண்டிக்கு அளப்பவை கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும். எரியாத எண்ணெய் இரண்டாம் எண்ணை உயர்த்தும்.

செலவு: சீல்கள், கேஸ்கட், புது எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து 1,650 ரூபாய். சீல்களின் பங்கு அதில் 140. மாமாவிடம் சொன்னேன். நம்பவில்லை. அடுத்த வாரமே பட்டன்செருவிலிருந்து வந்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு விடுதி வாசலில் போர்வையோடு நின்று, "கிளப்பு பாக்கலாம்" என்றார். உதைத்தேன். புகைபோக்கியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பழைய சீல் இருந்தால் கொடு என்று கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பின் 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் மேற்குறிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பிளக்கின் நுனி வெளிறிய காப்பி நிறம்.